கத்தோலிக்கர் பிரீமேசன் சங்கத்தில் சேரலாமா?



உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் ஓரளவு உயர்ந்து நிற்கும் நம்மவர்களுக்குச் சில வேளைகளில் ஓர் அழைப்பு வருவதுண்டு. அழைப்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகவே இருப்பார். உடன் வேலை செய்பவர், பழகிய வைத்தியர் அல்லது வக்கீல். "எங்கள் சங்கத்தில் சாதி சமய பேதமில்லை. பெரிய மனிதர்களின் பழக்கம் கிடைக்கும். ஏழைகளுக்கு உதவி செய்கிறோம். உங்கள் வேதத்தை விட்டுவிடும்படி யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லுவார். அது பிரீமேசன் சங்கமாயிருந்தால், கத்தோலிக்கன் என்ன மறுமொழி சொல்ல வேண்டும்?

திருச்சபை தரும் மறுமொழி மிகவும் சுருக்கமானது: சேரலாகாது. 1738-ல் இப்படிச் சொன்னாள். 2023-லும் இதையே சொன்னாள். ஆனால் "கூடாது" என்று மட்டும் அறிந்திருப்பது போதாது. சிநேகிதனுடைய அழைப்பை மறுக்கும் தகப்பன் அதன் காரணத்தை அறிந்திருக்க வேண்டும். "அப்பா ஏன் வேண்டாமென்றார்?" என்று கேட்கும் மகனுக்குத் தாய் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆகையால் இந்த வாரம் இதனை நிதானமாய் ஆராய்வோம்.

இந்தச் சங்கம் எத்தகையது?

பிரீமேசன் என்னும் சொல் கல்வேலை செய்யும் கொத்தனாரைக் குறிப்பது. முற்காலத்தில் ஐரோப்பாவில் பேராலயங்களைக் கட்டிய கல்தச்சர்கள் தங்களுக்குள் கூட்டங்கள் வைத்திருந்தார்கள். நாளடைவில் கல்லுளியைத் தொட்டறியாத கனவான்களும் அவற்றில் சேர்ந்தார்கள். 1717-ம் வருஷம் ஜூன் 24-ந் தேதி, ஸ்நாபக அருளப்பர் பிறந்த திருநாளன்று, லண்டனில் நான்கு கூட்டங்கள் ஒன்றாய் இணைந்து ஒரு பெருஞ்சங்கமாயின என்பது அவர்களே சொல்லும் வரலாறு. 1723-ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகர் தொகுத்த சட்டப் புத்தகம் அச்சாயிற்று. அவர்களுடைய கூட்டத்துக்கு "லாட்ஜ்" என்று பெயர். நம் ஊரில் பிரயாணிகள் தங்கும் லாட்ஜுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கொத்தனாரின் மூலைமட்டமும் கவராயமும் அவர்களுடைய அடையாளங்கள். சடங்குகளின்போது ஏப்ரன் கட்டிக்கொள்வார்கள். ஆரம்பப் படிகள் மூன்று. ஒவ்வொரு படிக்கும் தனிச் சடங்கும், தனிச் சைகையும், தனி இரகசியச் சொல்லும், தனிச் சத்தியமும் உண்டு. கடவுளை அவர்கள் "பிரபஞ்சத்தின் மகா சிற்பி" என்று அழைக்கிறார்கள்.

இது தூர தேசத்துச் சமாசாரம் மட்டுமல்ல. 18-ம் நூற்றாண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரோடு கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இந்தச் சங்கம் வந்துவிட்டது. எழும்பூரில் 1920-களில் கட்டப்பட்ட அவர்களுடைய மண்டபத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1961 நவம்பரில் இந்தியாவுக்கென்று தனிப் பெருஞ்சங்கம் புதுடில்லியில் ஸ்தாபிக்கப்பட்டது. அழைப்பு நம் வீட்டு வாசலுக்கு வரக்கூடியதே.

கட்டுக்கதைகளை விலக்குவோம்

காரணங்களைச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை. இந்தச் சங்கத்தைப் பற்றி ஊரில் உலாவும் கதைகளுக்கு அளவில்லை. பசாசை ஆராதிக்கிறார்கள் என்பார்கள். நரபலி கொடுக்கிறார்கள் என்பார்கள். வடநாட்டில் அவர்களுடைய மண்டபங்களுக்கு "ஜாதூகர்", அதாவது மாந்திரீக வீடு, என்றே பெயர் வழங்கிற்று. கத்தோலிக்கன் இத்தகைய கதைகளைப் பரப்பலாகாது. பிறர்மேல் பொய்க் குற்றம் சுமத்துவதை எட்டாம் கற்பனை விலக்குகிறது. பிரீமேசன்காரரும் நமக்குப் பிறத்தியாரே.

இந்த விஷயத்தில் சென்ற காலத்துக் கத்தோலிக்கர் சிலர் நன்றாய் ஏமாந்ததும் உண்டு. பிரான்சு தேசத்தில் லியோ தாக்ஸீல் என்ற புனைபெயரோடு ஒருவர் எழுதிவந்தார். வெகுகாலம் திருச்சபையை ஏளனம் செய்து எழுதியவர், 1885-ல் மனந்திரும்பிவிட்டதாய் அறிவித்தார். அதன்பின் லாட்ஜுகளில் பசாசு தோன்றுகிறதென்றும், தியானா வாகன் என்னும் பெண் அந்த இருளிலிருந்து தப்பி வந்தாளென்றும் புத்தகம் புத்தகமாய் எழுதினார். பக்தியுள்ள ஜனங்கள் ஆவலோடு வாங்கி வாசித்தார்கள். 1897-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி பாரிஸ் மாநகரில் ஒரு பெருங்கூட்டத்தின் முன் நின்று, தான் எழுதிய யாவும் கற்பனை என்றும், மனந்திரும்பினதும் வேஷமே என்றும் சொல்லி நகைத்தார். நாம் கற்க வேண்டிய பாடம் யாதெனில்: ஒருவரைப் பற்றிக் கெட்ட செய்தி நமக்குப் பிரியமாயிருப்பதால் அது மெய்யாகிவிடாது. திருச்சபையின் தடைக்கு ஆதாரம் இத்தகைய கதைகளல்ல. அவர்களே ஒப்புக்கொள்ளும் காரியங்களே போதுமான ஆதாரம்.

திருச்சபை சொல்லியது என்ன?

1738 ஏப்ரல் 28-ல் பாப்பரசர் 12-ம் கிளெமெந்து இந்தச் சங்கத்தை முதன்முதல் விலக்கினார். பற்பல மதத்தவரும் வெறும் இயற்கை ஒழுக்கத்தின் பேரால் ஒன்றுகூடுவதையும், கடுந்தண்டனைகளைச் சொல்லிப் பெறும் சத்தியத்தையும், ஊடுருவ முடியாத இரகசியத்தையும் எடுத்துக் காட்டினார். 1751-ல் 14-ம் ஆசீர்வாதப்பர் அதே தீர்ப்பைக் காரணங்களோடு உறுதிப்படுத்தினார். 1884-ல், லியோ என்னும் 13-ம் சிங்கராயர் ஒரு முழு நிருபமே எழுதினார். 1917-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், சேருகிறவன் அந்தச் செய்கையினாலேயே சபை விலக்கத்துக்குள்ளாவான் என்று விதித்தது.

1974 முதல் 1980 வரை ஜெர்மனி தேசத்து மேற்றிராணிமார்களின் பிரதிநிதிகள் அந்நாட்டு லாட்ஜுகளின் பிரதிநிதிகளோடு உட்கார்ந்து பேசினார்கள். சிநேகபாவத்தோடு நடந்த சம்பாஷணை அது. முதல் மூன்று படிகளின் சடங்குகளையும் ஆராய்ந்தார்கள். முடிவில் மேற்றிராணிமார் வெளியிட்ட தீர்மானம் என்ன? ஒருவன் ஒரே சமயத்தில் கத்தோலிக்கனும் பிரீமேசனுமாயிருத்தல் இயலாது என்பதே. விரோதம் தணிந்து, முகமுகமாய்ப் பேசி, சடங்குகளைப் பார்த்த பின்னும் மறுமொழி மாறவில்லை.

1983-ல் புதிய திருச்சபைச் சட்டம் வந்தது. திருச்சபைக்கு விரோதமாய்ச் சதி செய்யும் சங்கத்தில் சேருகிறவனுக்குத் தக்க தண்டனை என்று அது விதிக்கிறது. பிரீமேசன் என்னும் பெயர் அதில் இல்லை. ஆகவே தடை நீங்கிவிட்டது என்று சிலர் எண்ணினார்கள். அந்தச் சட்டம் அமுலுக்கு வருவதற்கு முந்தின நாள், 1983 நவம்பர் 26-ல், கர்தினால் ராட்சிங்கர் ஒப்பமிட்டு, பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் அங்கீகரித்த அறிக்கை வெளிவந்தது. திருச்சபையின் தீர்ப்பு மாறவில்லை. இச்சங்கங்களில் சேரும் விசுவாசிகள் கனமான பாவ நிலையிலிருக்கிறார்கள். அவர்கள் திவ்விய நற்கருணை வாங்கலாகாது என்று அது தெளிவாய்க் கூறியது.

கடைசியாக, பிலிப்பீன் தீவுகளில் விசுவாசிகள் பலர் இச்சங்கத்தில் சேர்ந்துவருவதைக் கண்ட துமகெத்தே மேற்றிராணியார் ரோமாபுரியின் ஆலோசனையைக் கேட்டார். 2023 நவம்பர் 13-ந் தேதியிட்டு, பாப்பரசர் பிரான்சிஸ் அங்கீகரித்த பதில் வந்தது. பழைய தீர்ப்பை உறுதி செய்ததோடு, இரண்டும் ஏன் ஒத்துப்போகா என்பதைப் பங்குகள் தோறும் ஜனங்களுக்கு விளங்கும்படி போதிக்க வேண்டுமென்றும் அது யோசனை சொன்னது. அந்த யோசனை பிலிப்பீன் மேற்றிராணிமாருக்குக் கொடுக்கப்பட்டதானாலும், நமக்கும் பிரயோசனமுள்ளதே.

முதல் காரணம்: கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் சத்தியம்

லாட்ஜில் புதிதாய்ச் சேருகிறவனை எப்படி உள்ளே அழைத்துச் செல்லுகிறார்கள்? கண்களைத் துணியால் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி அழைத்துச் செல்லுகிறார்கள். பிறகு முழந்தாளிட்டு, வேதபுத்தகத்தின்மேல் கைவைத்து, கடவுளைச் சாட்சியாய் அழைத்து, இனிமேல் தனக்குக் காட்டப்படப்போகும் இரகசியங்களை வெளியிடுவதில்லை என்று அவன் சத்தியம் செய்ய வேண்டும். முற்காலத்து வாசகத்தில், சத்தியத்தை மீறினால் தொண்டை அறுபடுவது போன்ற தண்டனைகளும் சொல்லப்பட்டன. இங்கிலாந்துப் பெருஞ்சங்கம் 1986-ல் அந்தத் தண்டனைகளைச் சத்தியத்திலிருந்து நீக்கிவிட்டது. சத்தியமோ அப்படியே இருக்கிறது.

சத்தியம் செய்வது எப்போதும் பாவமல்ல. நீதிமன்றத்தில் சாட்சி சொல்லுகிறவன் சத்தியம் செய்கிறான். ஆனால் ஆண்டவருடைய பரிசுத்த நாமத்தைச் சாட்சியாய் அழைக்கத் திருச்சபை மூன்று நிபந்தனைகள் வைக்கிறாள்: உண்மை இருக்க வேண்டும், விவேகம் இருக்க வேண்டும், நீதி இருக்க வேண்டும். விவேகம் என்பது, நான் எதற்கு வாக்குக் கொடுக்கிறேன் என்று அறிந்து கொடுப்பது.

"உமது கடமைகளுக்கும் வேதத்துக்கும் விரோதமானது இதில் ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே உறுதி சொல்லுகிறார்களே" என்று கேட்கலாம். சொல்லுகிறார்கள், மெய்தான். ஆனால் அது வேதத்துக்கு விரோதமா இல்லையா என்று தீர்ப்பவர் யார்? இன்னும் பார்க்காததைப் பற்றி நீங்கள் தீர்க்க முடியாது. உங்கள் பங்குக் குருவானவரைக் கேட்கலாமென்றால், மறைக்கச் சத்தியம் செய்ததை அவரிடம் எப்படி விவரிப்பீர்கள்? மனச்சாட்சியின் சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு, வீடு பத்திரமாயிருக்கும் என்று நம்புவது போலாகும் இது.

ஏரோது அரசன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். விருந்தில் நடனமாடிய பெண்ணுக்கு, எதைக் கேட்டாலும் தருவேன் என்று ஆணையிட்டான். கேட்கப்போவது இன்னதென்று அறியாமல் ஆணையிட்டான். அவள் கேட்டது ஸ்நாபக அருளப்பருடைய சிரசு. அரசன் துக்கப்பட்டான், ஆனாலும் விருந்தாளிகள் முன் இட்ட ஆணைக்காகக் கொடுத்துவிட்டான். அருளப்பர் திருநாளைத் தங்கள் பிறந்தநாளாய்க் கொண்டாடுகிறவர்கள் அந்தப் பரிசுத்தர் எப்படி மரித்தார் என்பதை யோசித்தால் நலம்.

"அந்த இரகசியங்கள் அற்பமானவை; இப்போது புத்தகங்களிலேயே வந்துவிட்டன" என்றும் சிலர் சொல்லுவார்கள். அப்படியானால் குற்றம் வேறு விதமாய் நிற்கிறது. இரகசியம் பெரிதானால், அறியாமல் அதற்குச் சத்தியம் செய்வது அவிவேகம். அற்பமானால், அற்பக் காரியத்துக்குச் சர்வேசுரனைச் சாட்சிக்கு இழுப்பது இரண்டாம் கற்பனைக்கு விரோதம். எந்தப் பக்கம் போனாலும் வழியில்லை.

இரண்டாம் காரணம்: சேசுநாதருக்கு அங்கே உள்ள இடம்

இதுவே முக்கியமான காரணம். கண் கட்டப்பட்டவனை நோக்கி, நீ விரும்புவது என்ன என்று கேட்கிறார்கள். ஒளி என்று அவன் மறுமொழி சொல்ல வேண்டும். அப்போது கட்டை அவிழ்க்கிறார்கள். மூன்றாம் படியில், கொலையுண்ட ஹீராம் என்னும் சிற்பியின் கதையை நடித்து, அவனைச் செத்தவனைப் போல் கிடத்தி எழுப்புகிறார்கள்.

பிரியமானவர்களே, ஞானஸ்நானம் பெற்ற நாளை நினையுங்கள். அன்று பாஸ்குத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியை உங்கள் ஞானத்தகப்பன் கையில் கொடுத்தார்களே, அது எந்த ஒளி? அன்று தண்ணீரில் நீங்கள் யாரோடு மரித்து, யாரோடு உயிர்த்தீர்கள்? கிறீஸ்துவின் ஒளியைப் பெற்றவன், நான் இருளில் இருக்கிறேன், எனக்கு ஒளி தாருங்கள் என்று வேறொரு வாசலில் முழந்தாளிடலாமா? அதை நடிப்பு என்று சொன்னாலும், கடவுள் நாமத்தைச் சொல்லி முழந்தாளில் நின்று நடிக்கும் நடிப்பு அது.

இன்னும் பாருங்கள். ஆண்டர்சனுடைய சட்டத்தின்படி, எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மதம் எதுவோ அதற்கு மட்டுமே அங்கத்தினன் கட்டுப்பட்டவன். அவனவனுடைய தனி அபிப்பிராயம் அவனவனோடு இருக்கும். கிறீஸ்து மெய்யான தேவனும் மெய்யான மனிதனுமானவர், நம்மை இரட்சிக்கச் சிலுவையில் மரித்தவர் என்பதோ எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் காரியமல்ல. ஆகவே அந்த வாசலுக்குள் அது "தனி அபிப்பிராயம்" ஆகிவிடுகிறது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து லாட்ஜுகளின் சடங்குகளிலிருந்து கிறீஸ்துவைக் குறிக்கும் வார்த்தைகள் எடுக்கப்பட்டன. பிரான்சு தேசத்துப் பெருஞ்சங்கமோ 1877-ல், கடவுளை விசுவசிக்க வேண்டுமென்னும் நிபந்தனையையே நீக்கிவிட்டது. அதற்காக இங்கிலாந்துச் சங்கம் அதனோடு உறவை முறித்துக்கொண்டது என்பதையும் நியாயமாய்ச் சொல்ல வேண்டும்.

பிற மதத்தாரோடு சிநேகமாயிருக்கக் கூடாதா? இருக்கத்தான் வேண்டும். அடுத்த வீட்டு இந்து சகோதரரோடும், முகமதிய சகோதரரோடும் கிணறு வெட்டுவதிலும், பள்ளிக்கூடம் நடத்துவதிலும், வெள்ளத்தில் சோறு போடுவதிலும் ஒன்றாய் நிற்பது நம் கடமை. அங்கே நீங்கள் கிறீஸ்தவனாகவே நிற்கிறீர்கள். அவர் இந்துவாகவே நிற்கிறார். ஒருவர் விசுவாசத்தை மற்றவர் அறிவார். லாட்ஜிலோ, பீடமும், வேதபுத்தகமும், ஜெபமும், சடங்கும் இருக்கின்றன. சேசுநாதருடைய நாமம் மட்டும் இல்லை. அவர் பேரை வாசலில் விட்டுவிட்டுச் செய்யும் வழிபாடு கத்தோலிக்கனுக்கு ஆகாது. மனிதர் இரட்சிப்படைய வேறு நாமம் கொடுக்கப்படவில்லை என்று அர்ச். இராயப்பர் நியாயசங்கத்தார் முன் அச்சமின்றிச் சொன்னதை மறக்கலாகாது.

இதைக் கத்தோலிக்கர் மட்டும் சொல்லவில்லை. கிரேக்க தேசத்து ஆர்த்தடாக்ஸ் சபை 1933-ல் இச்சங்கத்தைக் கண்டித்தது. 1985-ல் இங்கிலாந்து மெதடிஸ்டு சபையாரும், 1987-ல் ஆங்கிலிக்கன் சபையின் மாமன்றமும் கிறீஸ்தவத்தோடு இது பொருந்துமா என்று பலமாய்ச் சந்தேகம் தெரிவித்தார்கள்.

மூன்றாம் காரணம்: மறைவு செய்யும் கேடு

மறைவிடம் நல்லவர்களையும் சோதனைக்குள்ளாக்கும். இரண்டு உதாரணங்கள் போதும்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு தேசத்து யுத்த மந்திரியாயிருந்தவர் தளபதி ஆந்திரே. இராணுவ அதிகாரிகளில் யார் யார் பூசைக்குப் போகிறார்கள், யார் தம் பிள்ளைகளைக் கன்னியர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் என்று லாட்ஜுகள் வழியாய் இரகசியமாய்த் தகவல் சேர்த்து, ஆயிரக்கணக்கான அட்டைகளில் எழுதிவைத்தார்கள். அட்டையில் பூசைக்குப் போகிறவன் என்று எழுதப்பட்டவனுக்கு உத்தியோக உயர்வு தடைப்பட்டது. 1904 அக்டோபரில் இது பாராளுமன்றத்தில் அம்பலமாகவே, மந்திரி பதவியை விட்டார்.

இத்தாலியில் 1981-ல் லீசியோ ஜெல்லி என்பவருடைய இடத்தைப் போலீசார் சோதித்தபோது "பி-2" என்னும் இரகசிய லாட்ஜின் பட்டியல் அகப்பட்டது. மந்திரிகள், தளபதிகள், உளவு இலாகாத் தலைவர்கள் உட்பட 962 பெயர்கள் அதில் இருந்தன. அரசாங்கமே கவிழ்ந்தது. அந்த லாட்ஜை இத்தாலியப் பெருஞ்சங்கம் முன்னமே விலக்கியிருந்தது. எல்லா லாட்ஜும் இப்படிப்பட்டதென்று சொல்லுவது நியாயமல்ல. ஆனால் மறைவும் சத்தியமும் பழகிய இடத்தில் இப்படிப்பட்டது முளைப்பது எளிது. பிரதான ஆசாரியன் விசாரித்தபோது, நான் எல்லார் முன்னும் வெளிப்படையாய்ப் பேசினேன், மறைவில் ஒன்றும் பேசவில்லை என்னும் பொருள்பட நம் ஆண்டவர் மறுமொழி சொன்னார். சீடனும் அப்படியே இருக்க வேண்டும்.

சில ஆட்சேபங்கள்

"பாவசங்கீர்த்தனமும் இரகசியந்தானே?" குருவானவர் காப்பது உங்கள் பாவத்தை, தம்முடைய போதனையை அல்ல. திருச்சபை போதிப்பது முழுவதும் ஞானோபதேசப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது. பீடத்தில் நடப்பதைக் கோவில் கதவு திறந்திருக்க எவரும் பார்க்கலாம்.

"எனக்குத் தெரிந்த பிரீமேசன் மிக நல்லவர், ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கிறார்." இருக்கலாம். அவரை நாம் நியாயந்தீர்க்கவில்லை. ஞானஸ்நானம் பெறாதவர் கிறீஸ்துவுக்கு வாக்குக் கொடுத்ததில்லை, நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்கு முரணாகாதது உங்களுக்கு முரணாகும்.

"என் நண்பரான ஒரு குருவானவர் பரவாயில்லை என்றார்." 1983-ம் வருஷத்து அறிக்கை, இந்தத் தீர்ப்பைத் தளர்த்தும் அதிகாரம் அந்தந்த இடத்துத் திருச்சபை அதிகாரிகளுக்கு இல்லை என்று சொல்லுகிறது.

"அப்படியானால் எந்தச் சங்கத்திலும் சேரக்கூடாதா?" அப்படியல்ல. அமெரிக்காவில் "நைட்ஸ் ஆப் லேபர்" என்னும் தொழிலாளர் சங்கம் இருந்தது. பெயர் வெளிப்பட்டால் முதலாளிகள் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று ஆதியில் இரகசியமாய் நடந்தது. பின்பு சத்தியத்தைக் கைவிட்டது. 1887-ல் கர்தினால் கிப்பன்ஸ் ரோமாபுரிக்கு விண்ணப்பம் எழுதி அந்தத் தொழிலாளருக்காக வாதாடினார். திருச்சபை அதை விலக்கவில்லை. ஆனால் 1894-ல் "ஆட் பெல்லோஸ்" முதலிய மூன்று சங்கங்களை அந்நாட்டுக் கத்தோலிக்கருக்கு விலக்கியது. இதனால் விளங்குவது யாதெனில், திருச்சபை பெயரையோ மறைவையோ மட்டும் பார்த்துத் தீர்ப்பதில்லை. எதற்குச் சத்தியம், என்ன வழிபாடு என்று பார்க்கிறாள். ரோட்டரி, லயன்ஸ் போன்ற சேவைச் சங்கங்களில் இரகசியச் சத்தியமும் சடங்கும் இல்லை. பிரீமேசன் தடை அவற்றைச் சேராது. எந்தச் சங்கமானாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: மனைவியிடமும் குருவானவரிடமும் மறைக்கச் சொல்லுகிறார்களா? அறியாததற்குச் சத்தியம் கேட்கிறார்களா? சேசுநாதர் பேர் இல்லாத வழிபாடு நடக்கிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்று வந்தாலும் நில்லுங்கள்.

பங்கின் கடமை

மனிதர் ஏன் இத்தகைய சங்கங்களை நாடுகிறார்கள்? பலர் வேதத்தை வெறுத்துப் போவதில்லை. தோழமையை நாடிப் போகிறார்கள். தாங்கள் இறந்தால் மனைவி மக்களை யார் காப்பார் என்னும் பயத்தால் போகிறார்கள். இதனை நன்றாய் அறிந்தவர் முத்திப்பேறு பெற்ற மைக்கேல் மக்கிவ்னி என்னும் இளங்குரு. குருமடத்தில் படிக்கும்போதே தகப்பனை இழந்தவர். அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத்துப் பங்கில் உதவிக் குருவாயிருந்தபோது, உழைக்கும் தகப்பன் இறந்தவுடன் குடும்பங்கள் சிதறிப்போவதையும், இறப்பு உதவிப் பணத்துக்காக ஆண்கள் இரகசியச் சங்கங்களில் சேருவதையும் கண்டார். பிரசங்கத்தில் கண்டித்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. 1882-ல் பங்கு ஆண்களைக் கொண்டே "கொலம்பஸ் வீரர்" சங்கத்தை ஸ்தாபித்து, விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் உதவிக்கு வழி செய்தார். 1890-ல் 38-ம் வயதில் இறந்தார். 2020-ல் முத்திப்பேறு பட்டம் பெற்றார். அந்தச் சங்கத்தின் சேர்ப்புச் சடங்கும் முன்பு வெளியாருக்கு மூடியிருந்தது. 2020 முதல் குடும்பத்தார் முன்னிலையிலேயே நடத்துகிறார்கள்.

ஆகையால் இந்தப் பாடம் லாட்ஜில் சேர நினைப்பவருக்கு மட்டுமல்ல, நம் எல்லாருக்கும் உரியது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கலைந்துபோகும் பங்கில், தோழமை தேடுகிறவன் எங்கே போவான்? வேலையிழந்தவனுக்கும், புருஷனை இழந்தவளுக்கும் வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியமும் துணை நின்றால், சிநேகத்துக்காக இன்னொரு வாசலைத் தட்ட வேண்டியதில்லை.

ஏற்கெனவே சேர்ந்திருப்பவருக்கு

இதை வாசிப்பவர்களில் அறியாமல் சேர்ந்துவிட்டவர் ஒருவர் இருக்கலாம். அவருக்கு இரண்டு வார்த்தை.

கலங்காதீர்கள். கனமான பாவமாவதற்கு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். தடையை அறியாமல் சேர்ந்தவருடைய நிலையைச் சர்வேசுரன் அறிவார். ஆனால் இப்போது அறிந்துகொண்டீர்கள். அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு உரிமை வாங்கித் தந்த தானியேல் ஒக்கனல் 1799-ல் டப்ளினில் ஒரு லாட்ஜில் சேர்ந்து, அதன் தலைவராகவும் இருந்தார். திருச்சபையின் தடை அப்போது தமக்குத் தெரியாதென்றும், தாம் வெகுகாலத்துக்கு முன்பே அதை விட்டுவிட்டதாகவும் 1837-ல் பத்திரிகையில் பகிரங்கமாய் எழுதினார். வீணாய்ப் பெருகும் சத்தியங்களால் தேவ நாமம் அவமதிக்கப்படுவதே தம் பெரிய ஆட்சேபம் என்றார். ஊரறிந்த பெரிய மனிதர் இதனைச் சொல்ல வெட்கப்படவில்லை.

செய்ய வேண்டியது இது. லாட்ஜுக்கு விலகல் கடிதம் ஒன்று எழுதிக் கொடுங்கள். சந்தா கட்டாமல் பேசாதிருப்பது போதாது. பிறகு பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். அறியாமல் செய்த அந்தச் சத்தியம் உங்களைக் கிறீஸ்துவிடமிருந்து பிரித்து வைக்கக் கட்டுப்படுத்தாது. சந்தேகமிருந்தால் குருவானவரிடம் கேளுங்கள். நண்பர்களைப் பகைக்க வேண்டாம். "என் விசுவாசத்துக்கு இது ஒத்துவரவில்லை" என்று மரியாதையாய்ச் சொன்னால் போதும். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். வியாபாரத்தில் சிறிது நஷ்டம் வரலாம். வரட்டும். கிராதிக்கு முன் முழந்தாளிட்டுத் திவ்விய நற்கருணை வாங்கும் பாக்கியத்துக்கு எந்தப் பெரிய மனிதர் பழக்கமும் ஈடாகாது.

வீட்டில் பேசுவதற்கு

இன்றிரவு செபமாலை முடிந்தபின் இக்கேள்விகளைக் குடும்பமாய்ப் பேசுங்கள்.

1. சத்தியம் செய்ய வேண்டிய மூன்று நிபந்தனைகள் எவை?
2. ஞானஸ்நானத்தில் கொடுத்த மெழுகுவர்த்தி எதைக் குறிக்கிறது? உங்கள் வீட்டில் அது பத்திரமாயிருக்கிறதா?
3. பிற மதத்தவரோடு சேர்ந்து நற்கிரியை செய்வதற்கும், சேசுநாதர் நாமத்தை மறைத்து வழிபடுவதற்கும் வித்தியாசம் என்ன?
4. நம் தெருவில், தோழமையோ உதவியோ இன்றித் தவிக்கும் கத்தோலிக்கக் குடும்பம் எது? இந்த வாரம் அவர்களைப் போய்ப் பார்ப்போமா?